மொட்டை டயர்: அபராதம் டிரைவருக்கு, லாபம் யாருக்கு?

சாயங்காலம் 6 மணி. மதுரவாயல் பைபாஸ் ரோட்டோரம் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு லாரியிலிருந்து கிளீனர் இறங்குகிறார். கையில் இரும்பு லீவர். ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டே வருகிறார். "டங்" என்று சத்தம் வந்தால் காற்று இருக்கிறது. "தொப்" என்று வந்தால் இறங்கிவிட்டது. பத்து டயரையும் தட்டி முடித்தாகிவிட்டது. "ரைட்டுண்ணே, போலாம்!" என்று குரல் கொடுக்கிறார். லாரி கிளம்பிவிட்டது.

இதுதான் சோதனை! வண்டியும் சரக்குமாக 28½ டன் எடை. அதைத் தாங்குவது பத்து டயர்கள். அந்தப் பத்துக்கும் ஆளுக்கு ஒரு லீவர் அடி!

அதே நேரத்தில் ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறார் ஒரு குமாஸ்தா. பின்சீட்டில் மனைவி. நடுவில் குழந்தை. லாரியின் பின்சக்கரத்துக்கும் அவர் முழங்காலுக்கும் நடுவே இரண்டு முழம்தான் இடைவெளி. அந்த டயரின் லட்சணம் அவருக்குத் தெரியாது. லீவரால் தட்டியவருக்கும் முழுசாகத் தெரியாது. அந்த டயர் எப்போது வாங்கியது, எத்தனை தடவை ரீட்ரெட் செய்தது, எத்தனை மாதம் முன்பே மாற்றியிருக்க வேண்டியது என்பதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் உண்டு. அவர் அந்த ரோட்டில் இல்லை!

சிக்குவது என்ன?

ரோட்டோரச் சோதனை நடக்காமல் இல்லை. மோட்டார் வாகன ஆய்வாளர் - ஜனங்கள் பாஷையில் பிரேக் இன்ஸ்பெக்டர் - அவ்வப்போது வண்டிகளை மடக்குகிறார். போலீசாரும் மடக்குகிறார்கள். முதலில் காகிதம். ஆர்.சி. இருக்கிறதா? எப்.சி. இருக்கிறதா? இன்சூரன்சு இருக்கிறதா? பெர்மிட் இருக்கிறதா? பிறகு பாரம். பிறகு விளக்கு. பிறகு நேரம் இருந்தால் டயர்.

குனிந்து பார்த்தால் தெரிவது எப்போதும் ஒரே கதைதான். பட்டன் முழுக்கத் தேய்ந்து சட்டிபோல வழவழத்த மொட்டை டயர். பக்கவாட்டில் வெட்டு விழுந்து உள்ளே நூல் தெரியும் டயர். தேய்ந்து தேய்ந்து கம்பி வெளியே எட்டிப்பார்க்கும் டயர். ஒட்டிய பட்டை ஓரத்தில் பிரிந்து நிற்கும் ரீட்ரெட் டயர். ஜோடி டயர்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்ட கருங்கல். ஜோடியில் ஒன்று புதுசு, இன்னொன்று கிழவன். வெளிப்பக்க டயரில் காற்று கிண்ணென்று இருக்கும். உள்பக்க டயரில் சுத்தமாக இருக்காது!

கடைசியாகச் சொன்னதுதான் மிகவும் மோசம். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பின்பக்கம் நாலு டயர் உள்ள ஓர் ஆக்சில் 11½ டன் வரை சுமக்கலாம் என்று 2018ல் மத்திய அரசு அனுமதித்தது. அதற்கு முன்பு 10.2 டன். ஆக, ஒரு டயரின் பங்கு 2 டன் 875 கிலோ. ஜோடியில் ஒன்று காற்று இறங்கிவிட்டால்? அதன் சுமையும் பக்கத்து டயர் தலையில். அதாவது 5 டன் 750 கிலோ! ஒரு மாடு இழுக்க வேண்டிய வண்டியில் இரண்டு வண்டி பாரத்தை ஏற்றி, சாட்டையும் அடித்தால் மாடு எத்தனை தூரம் போகும்? மாடாவது படுத்துக்கொள்ளும். டயர் வெடித்துவிடும்.

இது சட்டப்படி பாரம் ஏற்றிய லாரியின் கணக்கு. கூடுதல் பாரம் ஏற்றிய லாரியின் கணக்கைப் படிப்பவர்களே போட்டுக்கொள்ளலாம்.

1.6 மில்லிமீட்டர்

டயர் எவ்வளவு தேயலாம் என்பதற்கு அளவு இருக்கிறது. லாரி, பஸ், கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மில்லிமீட்டர். மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள அளவு இது.

இதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். டயர் பள்ளத்துக்குள்ளேயே கம்பெனிக்காரன் சின்னச் சின்ன மேடு வைத்திருக்கிறான். அந்த மேடு எங்கே இருக்கிறது என்று காட்ட, டயரின் தோள்பட்டையில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ, ஒரு முக்கோணமோ போட்டிருப்பான். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். சைக்கிள் கடைப் பையன்கூட குனிந்தால் கண்டுபிடித்துவிடுவான். குனிய வேண்டும், அவ்வளவுதான்!

பள்ளம் எதற்கு? அழகுக்கு அல்ல. மழைத் தண்ணீரை வாரி வெளியே தள்ளுவதற்கு. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை ரோடுகள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. மொட்டை டயர் தண்ணீரைத் தள்ளாது. தண்ணீர்மேல் ஏறி வழுக்கும். பிரேக் நன்றாகவே இருக்கலாம். டிரைவர் மிதிக்கவும் செய்யலாம். சக்கரம் நிற்கும், லாரி நிற்காது! 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு டவுன் பஸ் நீளத்தைத் தாண்டிவிடும்.

கோடையில் காற்றைக் குறைக்கலாமா?

"வெயில் காலத்துல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வையி. இல்லேன்னா வெடிச்சிடும்." பஞ்சர் கடை வாசலில் காதில் விழும் யோசனை இது. அப்பா சொன்னார், மகன் கேட்டான், பேரனும் அதையே சொல்கிறான். ஆனால் இது தலைகீழ்ப் பாடம்!

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் வயிறு நசுங்கி நசுங்கி எழுகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சுடுகிறது அல்லவா? அதே சங்கதிதான். நசுங்க நசுங்க டயருக்குள் சூடு ஏறுகிறது. சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிறகு ஒருநாள், ஏதோ ஒரு மத்தியானம், தார் ரோடு கொதிக்கும்போது, "டமார்!"

ஆகவே வெடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறைந்த காற்று, கூடுதல் பாரம், வேகம், வெயில் - இந்த நாலும் சேர்ந்த கூட்டணி. வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, அளவுமானி வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று அடிப்பதுதான் சரி. லீவர் அடி முழுசாகக் காற்றுப் போன டயரைக் காட்டிக் கொடுக்கும். பாதி காற்று போன டயரைக் காட்டிக் கொடுக்காது. "டங்" என்று கேட்டதே என்று நம்பிப் போன டிரைவர்கள் எத்தனை பேரோ!

இன்னொன்று. இப்போது நிறைய லாரிகளில் கிளீனரே இல்லை. செலவைக் குறைக்கிறார்களாம். டிரைவரே டிரைவர், டிரைவரே கிளீனர். பகலெல்லாம் லோடு ஏற்றக் காத்திருந்து, ராத்திரி முழுக்க ஓட்டி, நடுவில் எங்காவது டீ குடிக்க நிறுத்தும்போது அவர்தான் இறங்கித் தட்ட வேண்டும். பல நாள் அந்த லீவர் அடிகூட விழுவதில்லை.

வாடகை டயர்!

"எப்.சி. இருக்கே சார்! ஆபீசுல பார்த்துத்தானே கொடுத்திருக்காங்க?" என்பார்கள்.

எப்.சி. எனும் தகுதிச் சான்றிதழ் எட்டு வயது வரை உள்ள லாரிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. அதற்குமேல் வயதானால் வருடத்துக்கு ஒருமுறை. லாரி டயரோ ஓட்டத்தைப் பொறுத்துச் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடும். எப்.சி. அன்று நன்றாக இருந்த டயர் அடுத்த எப்.சி.க்குள் மொட்டையாகி, மாற்றி, அதுவும் மொட்டையாகிவிடலாம். கல்யாணத்தன்று எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு அறுபது வயதில் தலைமுடியை நிரூபிக்க முடியுமா?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. லாரித் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ரகசியம்தான். எப்.சி.க்குப் போகும் அன்று மட்டும் நல்ல டயர் மாட்டிக்கொண்டு போவது! தெரிந்தவரிடம் இரவல். இல்லாவிட்டால் நாள் வாடகை. ஆபீசில் வண்டி பாஸ் ஆகிறது. வெளியே வந்ததும் ஜாக்கி போட்டு நல்ல டயரைக் கழற்றிவிட்டுப் பழைய மொட்டையை மாட்டுகிறார்கள். மாப்பிள்ளைக்கு இரவல் மோதிரம் போட்ட கதைதான். மோதிரம் போனால் மானம்தான் போகும். இங்கே உயிர் போகிறது.

அதனால்தான் ரோட்டோரச் சோதனை முக்கியம். ஆபீசுக்கு வருவது அலங்காரம் செய்துகொண்ட லாரி. ரோட்டில் மடக்கினால் அகப்படுவதுதான் நிஜ லாரி!

ரீட்ரெட் குற்றமா?

இல்லை. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டி ஓட்டுவதில் தப்பே கிடையாது. விமான டயருக்கே ரீட்ரெட் உண்டு. அரசு போக்குவரத்துக் கழக பஸ்களிலும் ரீட்ரெட் டயர்கள் ஓடுகின்றன. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரி ஊர்களாக நிமிர்ந்து நிற்பதற்கு ரீட்ரெட் பட்டறைகளும் ஒரு காரணம்.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. உடம்பு கெட்ட டயருக்குப் புதுச் சட்டை போடுவது குற்றம். உள்ளே நூல் அறுந்திருக்கிறதா, பக்கவாட்டில் வெட்டு உண்டா என்று பார்க்காமல் மேலே பட்டையை ஒட்டித் தள்ளுவது குற்றம். வண்டியைத் திருப்புவது முன் டயர். அது வெடித்தால் ஸ்டியரிங் டிரைவர் கையில் நிற்காது. அந்த இடத்தில் எத்தனையாவது கையோ தெரியாத ரீட்ரெட்டை மாட்டுவது பெருங்குற்றம்.

ராத்திரியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலும், செங்குன்றம் ரோட்டிலும் இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு இதன் இன்னொரு முகமும் தெரியும். டயரிலிருந்து உரிந்த பட்டை ரோட்டின் நடுவில் கருநாகம் மாதிரி நீட்டிக்கொண்டு படுத்திருக்கும். விளக்கு வெளிச்சத்தில் தெரிவதற்குள் சக்கரம் ஏறிவிடும். பட்டையை உதிர்த்த லாரி அதற்குள் செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும். யார்மேல் கேஸ் போடுவது?

டிரைவர் தலையில் விடியும்

சோதனையில் மொட்டை டயர் அகப்பட்டால் என்ன நடக்கிறது? அபராதச் சீட்டு. வாங்கிக்கொள்பவர் டிரைவர். முதலாளி கட்டுவார் என்பது பேச்சு. பல இடங்களில் அது டிரைவரின் படியிலோ சம்பளத்திலோ பிடித்தம் ஆகிறது. டிரைவர் ஊருக்குத் திரும்பி, "ஓனரே, டயர் மாத்தணும். வழியில புடிச்சுட்டாங்க" என்கிறார். "இன்னும் ரெண்டு டிரிப்பு ஓட்டுப்பா, பார்ப்போம்" என்று பதில் வருகிறது. ஓட்டமாட்டேன் என்றால் வேலை போகும். ஓட்டினால் உயிர் போகலாம். எதைத் தேர்ந்தெடுப்பார் அவர்? வீட்டில் ஐந்து வயிறு இருக்கிறதே!

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190வது பிரிவைப் படித்தால் தெரியும். பழுதான வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரும், ஓட்ட அனுமதிக்கிறவரும் குற்றவாளிகள்தான். "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்கவும் வழி இல்லை. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய பழுது என்றால் அதுவே போதும். மொட்டை டயரைக் கண்டுபிடிக்கச் சாதாரண கவனம் போதாதா?

2019ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு இந்தப் பிரிவின்படி அபராதம் ரூ.1,500 வரை. அதற்கு முன்பு ரூ.250 தான். அந்தப் பழுதால் விபத்து நடந்து ஒருவருக்குக் காயமோ, சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும்.

பக்கத்திலேயே 194வது பிரிவு இருக்கிறது. கூடுதல் பாரத்துக்கு ரூ.20,000. மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. அதுமட்டுமா? கூடுதல் பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரக்கூடாது!

ஆக, பாரம் அதிகமானால் வண்டி நிற்கும். அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டிய டயர் மொட்டையானால் ஆயிரத்தைந்நூறு ரூபாயோடு வண்டி போய்விடும்! ஒரு புது லாரி டயரின் விலை இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. பத்து டயருக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். கணக்குத் தெரிந்த எந்த முதலாளியும் எதைத் தேர்ந்தெடுப்பார்? டயர் மாற்றுவதைவிட அபராதம் மலிவு என்றால் அபராதம் என்பது தண்டனை அல்ல, வாடகை!

விதி அல்ல

டயர் வெடித்து விபத்து என்றால் உடனே சொல்லிவிடுகிறார்கள்: "விதி! டயர் வெடிச்சா டிரைவர் என்ன பண்ணுவான்?"

2023ல் பம்பாய் ஐகோர்ட்டு இதற்குச் சரியான பதில் சொன்னது. 2010ல் நடந்த ஒரு கார் விபத்து வழக்கு அது. பின்சக்கர டயர் வெடித்துக் கார் பள்ளத்தில் பாய்ந்தது. ஒருவர் இறந்தார். டயர் வெடித்தது கடவுள் செயல், ஆகவே நஷ்டஈடு தரமுடியாது என்று இன்சூரன்சு தரப்பில் வாதாடினார்கள். ஐகோர்ட்டு ஏற்கவில்லை. டயர் வெடிப்பது கடவுள் செயல் அல்ல, மனிதனின் கவனக்குறைவு என்று தீர்ப்பளித்தது. குடும்பத்துக்கு ரூ.1¼ கோடி நஷ்டஈடு உறுதியானது. காருக்குச் சொன்ன நியாயம் லாரிக்குப் பொருந்தாதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2020 பிப்ரவரி 20ந் தேதி விடியற்காலை, திருப்பூர் மாவட்டம் அவினாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று சாலை நடுத்தடுப்பைத் தாண்டி எதிரே வந்த கேரள அரசு பஸ்மீது மோதியது. 19 பேர் பலியானார்கள். "டயர் வெடித்ததுதான் காரணம்" என்று முதலில் பேச்சு அடிபட்டது. பிறகு டிரைவர் கண் அயர்ந்ததே காரணம் என்று கேரளத் தரப்பிலிருந்து தகவல் வந்தது.

இதில் பாடம் இருக்கிறது. விபத்துக்குப் பிறகு கிடைப்பது கந்தலாகிப் போன ரப்பர். வெடித்ததால் மோதியதா, மோதியதால் வெடித்ததா என்று அதைப் பார்த்துச் சொல்வது லேசான காரியம் அல்ல. "டயர் வெடித்துவிட்டது" என்பது சில சமயம் உண்மை. சில சமயம் மூடிமறைக்கும் போர்வை. விபத்துக்கு முன்னால், வழியில் ஓரிடத்தில் அந்த டயரைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்திருந்தால் இரண்டு வகையிலும் நியாயம் கிடைக்கும். மோசமான டயர் என்றால் வண்டி அங்கேயே நின்றிருக்கும். நல்ல டயர் என்றால் பொய்ச் சாக்கு எடுபடாது.

2022ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதல் இடம். செத்தவர்கள் 17,884 பேர். அத்தனைக்கும் டயர் காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று கண்ணெதிரே வட்டமாக, கறுப்பாக, பத்து எண்ணிக்கையில் நிற்கும்போது, அதைப் பார்க்காமல் விடுவது என்ன நியாயம்?

அங்கே எப்படி?

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் வருடத்தில் மூன்று நாள், 72 மணி நேரம் தொடர்ந்து ரோட்டோரச் சோதனை நடத்துகிறார்கள். 1988ல் ஆரம்பித்த வழக்கம். முழுச் சோதனை என்றால் 37 படிகள். இன்ஸ்பெக்டர் வண்டிக்கு அடியிலும் போய்ப் பார்ப்பார். 2025 மே மாதச் சோதனையில் அவர்கள் தனிக்கவனம் வைத்தது டயர்மேல்தான்.

அமெரிக்க விதிப்படி மற்ற டயர்களுக்கு ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் போதும். வண்டியைத் திருப்பும் முன் டயருக்கு மட்டும் அதுபோல இரண்டு மடங்கு, 3.2 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். பஸ்ஸின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் டயர் போடவே கூடாது. அதிகபட்சக் காற்றளவில் பாதியோ அதற்குக் கீழோ இருந்தால் அந்த டயர் சோதனையில் "காற்று இல்லாத டயர்" என்றே கணக்காகிறது. இந்தக் குறை இருக்கும் வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிடுகிறார்கள். சரிசெய்த பிறகுதான் சக்கரம் நகரும். சீட்டுக் கிழித்துக் கையில் கொடுத்து "போய் வா" என்று அனுப்புவதில்லை!

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சோதனைக்குப் போகும் ஒவ்வொருவர் கையிலும் பள்ளம் அளக்கும் கருவியும், காற்று அளக்கும் கருவியும் இருக்க வேண்டும். இரண்டும் சட்டைப் பையில் அடங்கும் சாமான்கள். கண்ணால் பார்த்துச் சொன்னால் தகராறு வரும். அளந்து சொன்னால் வராது. கைமாறும் நோட்டுக்கும் இடம் குறையும்.

இரண்டாவது, நூலோ கம்பியோ தெரியும் டயர், மொட்டையான முன் டயர், காற்று இல்லாத ஜோடி டயர் அகப்பட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். ஸ்டெப்னியை மாட்டட்டும். அதுவும் மொட்டை என்றால் முதலாளிக்குப் போன் போகட்டும். ஒருநாள் நின்றால்தான் டயரின் விலை புரியும். பொதுஜனங்களுக்கு ஆபத்தான நிலையில் உள்ள வண்டியின் பதிவையே நிறுத்தி வைக்க 53வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைத் தூசு தட்டினால் போதும்.

மூன்றாவது, டிரைவர் பேரோடு முதலாளி பேரும் கேஸில் வரவேண்டும். "ஓட்ட அனுமதித்தவர்" என்று சட்டமே சொல்லியிருக்கும்போது தயக்கம் ஏன்?

நாலாவது, எப்.சி. அன்று டயர்களில் அச்சடித்திருக்கும் வரிசை எண்களை ரிக்கார்டில் ஏற்ற வேண்டும். எப்.சி. வாங்கிய ஒரே வாரத்தில் ரோட்டில் மடக்கும்போது பத்து டயரும் வேறாக இருந்தால் இரவல் மோதிரக் கதை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

ஐந்தாவது, சோதனை நெடுஞ்சாலையில் மட்டும் போதாது. லோடு ஏறும் இடத்திலேயே நடக்க வேண்டும். துறைமுகம், எண்ணூர், மணலி, செங்குன்றம் அரிசி ஆலைகள், கல் குவாரிகள். பாரம் ஏறுவதற்கு முன்னால் டயரைப் பார்த்தால் நிறுத்துவது சுலபம். பாரம் ஏறிய பிறகு நடுரோட்டில் நிறுத்தினால் அதுவே இன்னொரு விபத்துக்கு வழி.

லாரிக்காரர் பக்கமும் கேட்க வேண்டும். பெரிய முதலாளிகள் சிலர். ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டிப் பிழைப்பவர்கள் பலர். டீசல், டோல், தவணை போக மிஞ்சுவது சொற்பம். வாடகைப் பணமோ மாதக்கணக்கில் இழுக்கும். இவர்களிடம் "டயர் மாற்று" என்று சொன்னால் "எதை வித்து மாத்தறது?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். டயர்மீதான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு லாரிக்காரர் கைக்கு முழுசாக வந்து சேர்ந்ததா என்று அதிகாரிகள் பார்க்கட்டும். சிறிய லாரிக்காரர்களுக்கு டயர் வாங்கச் சுலபத் தவணைக்கு பாங்குகள் வழி செய்யட்டும். திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் டயர் செய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். அந்த பாக்டரி வாசலிலேயே மொட்டை டயரோடு லாரி போவது வெட்கக்கேடு.

கடைக்காரருக்கும் பங்கு உண்டு

இதெல்லாம் லாரிக்காரன் சமாச்சாரம், எனக்கென்ன என்று மளிகைக் கடைக்காரர் நினைத்துவிட வேண்டாம். "இன்னும் நாலு மூட்டைதானே! ஏத்துப்பா, ஒண்ணும் ஆகாது!" என்று சொல்வது யார்? ஆயிரம் ரூபாய் குறைவாகக் கேட்கும் லாரியை, அது ஏன் குறைவாகக் கேட்கிறது என்று யோசிக்காமல் பிடிப்பது யார்? சில சமயம் அந்த ஆயிரம் ரூபாய் டயரிலிருந்து சுரண்டி எடுத்ததாக இருக்கும்.

சரக்கு ஏற்றும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து டயரைப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். மொட்டையாக இருந்தால் "வேற வண்டி கொண்டா" என்று சொல்ல அரை நிமிஷம். சரக்கு அவருடையது. வழியில் கவிழ்ந்தால் நஷ்டமும் அவருக்குத்தான். நாலு மண்டிக்காரர்கள் இப்படிக் கண்டிப்பாக நின்றால், நாற்பது சோதனைச் சாவடி செய்யாத வேலை நடந்துவிடும்.

வண்டியில் போகும் ஜனங்களும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. லாரியின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டவே கூடாது. முந்தினால் சட்டென்று முந்திவிட வேண்டும். முடியாவிட்டால் பின்தங்கிவிட வேண்டும். பக்கத்திலேயே கூடப் போவதுதான் ஆபத்து. அப்படியே அவரவர் ஸ்கூட்டர் டயரையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளலாம். 0.8 மில்லிமீட்டர் அங்கேயும் உண்டு!

மதுரவாயலில் இன்று சாயங்காலமும் லாரிகள் வரிசை கட்டும். கிளீனர் இறங்கி லீவரால் தட்டுவார். "டங்" என்று சத்தம் வரும். லாரி கிளம்பும். பக்கத்தில் குழந்தையோடு அந்த ஸ்கூட்டரும் கிளம்பும். வீட்டில் ஒரு பாட்டி, அடுப்பில் சோறு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும். லாரி டிரைவரும் அவர் வீடு போய்ச் சேர வேண்டும். அதற்கு லீவர் அடி போதாது. அதிகாரிகள் குனிந்து பார்க்க வேண்டும். முதலாளிகள் பையைத் திறக்க வேண்டும்.

செய்வார்களா?